ஜட்ஜ் சொன்ன கடைசித் தீர்ப்பு

எங்கள் தெரு சலூனுக்குள் போவது சுலபம். வெளியே வருவதுதான் கஷ்டம்.

முடி வெட்டியாகிவிடும். கழுத்தில் பவுடர் போட்டாகிவிடும். காசும் கொடுத்தாகிவிடும். ஆனாலும் ஆள் கிளம்பமாட்டார். காற்று வாங்குகிற பாவனையில் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, ஏற்கெனவே நாலு பேர் படித்துக் கிழித்த பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும். இருந்தாலும் தனக்கு முன்னால் வேறு யாராவது எழுந்து போகட்டும் என்று காத்திருப்பார். ஏனென்றால், போகிறவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டதும் அவரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லப்படும். சொல்பவர் கடைக்காரர். சிரிப்பவர்கள் நாங்கள்.

அந்த வாக்கியத்துக்காகத்தான் கடைக்காரருக்கு ஜட்ஜ் என்று பெயர் வைத்தோம். வைத்தது நான்தான் என்று நினைக்கிறேன். பக்கத்துக் கடை என்னுடையது. பூட்டு ரிப்பேர், மாற்றுச் சாவி. வேலை இல்லாத நேரத்தில், அதாவது பெரும்பாலான நேரத்தில், நான் சலூன் பெஞ்சில்தான் கிடப்பேன்.

ஜட்ஜின் தீர்ப்புகள் சிலவற்றைச் சொன்னால்தான் ஆள் எப்படி என்று புரியும். ரிட்டயரான ஹெட்மாஸ்டர் ஒருவர் வருவார். பார்க்கிறவர்களுக்கெல்லாம் யோசனை சொல்வார். அவர் போனதும் ஜட்ஜ் கத்தரிக்கோலைக் காற்றில் இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சொன்னார்: "வீடு தீப்பிடிச்சு இவர் உள்ள மாட்டிக்கிட்டாலும், அணைக்க வந்தவனுக்கு குழாயை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் குடுத்துட்டுத்தான் வெளிய வருவாரு." இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவரைப் பற்றி: "தப்பு என் மேலதான்னு ஆரம்பிப்பாரு. பேசி முடிக்கறதுக்குள்ள அது நம்ம மேல வந்து உட்கார்ந்திருக்கும்." எளிமையே உருவான ஒரு பெரிய மனிதரைப் பற்றி: "அவருக்கு அடக்கம் ஜாஸ்தி. யாரும் கவனிக்கலேன்னா கோவிச்சுக்குவாரு."

என்னைப் பற்றிச் சொன்னதும் ஒருநாள் காதுக்கு வந்து சேர்ந்தது. "ஊர்ல எல்லா வீட்டுக்கும் சாவி செஞ்சு குடுப்பாரு. அவர் வீட்டுக்குள்ள போகணும்னா மட்டும் பெல்லை அடிச்சுட்டு, சம்சாரம் மனசு வைக்கற வரைக்கும் வாசல்ல நிக்கணும்." எனக்குக் கோபம் வந்தது. உண்மையாக இருந்ததால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள், நான் இல்லாதபோது இன்னும் என்னென்ன சொல்கிறாரோ என்ற பயத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்தவனைப் பற்றி ஜட்ஜ் சொல்வது அத்தனையும் சரி என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்வோம். நம்மைப் பற்றி மட்டும் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருப்பார் என்றும் நம்புவோம். மனிதனுக்கு இந்த ஒரு நம்பிக்கை போகவே போகாது.

ஜட்ஜுக்குக் கை அவ்வளவு வராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீசை முளைக்காத காலத்திலேயே வேறொருவர் கடையில் வேலை பழகப் போனவர். அங்கே இவர் ஒரு பக்கக் கிருதாவை இறக்கி மறு பக்கத்தை ஏற்றிவிட, நாற்காலியில் இருந்தவர் கத்த ஆரம்பித்தாராம். பயத்தில் இவர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார்: "உங்க முகமே ஒரு பக்கமா சாஞ்சுதான் சார் இருக்கு. நான் சமன் பண்ணிருக்கேன்." கத்தியவர் சிரித்துவிட்டார். அன்றைக்குத் தெரிந்துகொண்டார், கை விட்ட இடத்தை வாய் பிடித்துக்கொள்ளும் என்று. சொந்தக் கடை போட்டபோது, மனைவியின் தம்பியைக் கூட்டிவந்து இரண்டாவது நாற்காலியில் நிறுத்தினார். அவன் கை தங்கமான கை. ஆனால் வாயைத் திறக்கமாட்டான். ஆகவே வேலை மச்சினனுடையது, பேர் மாமாவுடையது என்று கடை ஓடியது.

வீட்டில் ஜட்ஜ் தீர்ப்பு எதுவும் சொல்வதில்லை. அங்கே அவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் என்று அவரே சொல்வார்.

இனி, பரவாயில்லை சார் என்று நாங்கள் பெயர் வைத்திருந்த ஆளைப் பற்றி.

தபால் ஆபீஸில் பார்சல் எடை போடும் கவுன்ட்டரில் இருப்பவர். மெலிந்த ஆள், பெரிய காது. எதற்கும் யாருக்கும் பரவாயில்லை என்பார். வரிசையில் நிற்கிறவர்கள் கத்தினாலும் பரவாயில்லை, கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டாலும் பரவாயில்லை. ஒருமுறை ஜட்ஜ் ஞாபகமறதியாக அவர் மீசையை ஒரு பக்கம் எடுத்தேவிட்டார். அவர் கண்ணாடியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "பரவாயில்லை, இன்னொரு பக்கத்தையும் எடுத்துருங்க" என்றார். அதற்குப் பிறகு மீசையே வைக்கவில்லை. மறுபடி வளர்த்தால் ஜட்ஜின் மனது கஷ்டப்படும் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் நினைக்கக்கூடியவர்தான்.

இப்படி ஒரு ஆள் கிடைத்தால் ஜட்ஜ் விடுவாரா? பரவாயில்லை சாரைப் பற்றி மட்டும் ஒரு வாக்கியத்தோடு நிறுத்தமாட்டார். அவர் கடைக்கு வந்துபோகக்கூட வேண்டியதில்லை. பெஞ்சில் பேச்சு சுரத்தில்லாமல் போனால் யாராவது, "பரவாயில்லை எப்படி இருக்காரு?" என்று எடுத்துக் கொடுத்தால் போதும்.

அன்றைக்கு எடுத்துக் கொடுத்தவர் ஹெட்மாஸ்டர். மத்தியான நேரம். நானும் அவரும் இன்ஷூரன்ஸ்காரரும் ஒன்றாக உள்ளே நுழைந்தோம். ஜட்ஜ் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வீட்டிலிருந்து வந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது நாற்காலி பின்னால் சாய்த்திருந்தது. அதில் யாரோ ஷேவிங்குக்குப் படுத்திருந்தார். கழுத்துவரை வெள்ளைத் துணி, முகம் மொத்தமும் சூடான ஈரத்துண்டு, மூக்குக்கு மட்டும் சின்ன இடைவெளி. மச்சினன் கத்திக்குப் புது பிளேடு மாட்டிக்கொண்டிருந்தான். துண்டுக்கு அடியில் இருப்பது யார் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. பரவாயில்லை சார் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வருகிறவர். அன்றைக்கு எடை மெஷின் பழுதாகி, கவுன்ட்டரை மூடிவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஹெட்மாஸ்டர் கேட்டார். ஜட்ஜ் தொடங்கினார்.

"பஸ்ல ஒருத்தன் அவர் காலை மிதிச்சுட்டான். ஐயோ சார்னு அவன் பதறினான். இவர் பரவாயில்லைன்னாரு. சரி, பரவாயில்லைங்கறாரேன்னு அவன் காலை எடுக்கவே இல்ல. இவர் இறங்க வேண்டிய ஸ்டாப் போயிடுச்சு."

சிரித்தோம். மச்சினன் கண்ணாடி வழியாக மாமாவைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தான்.

இந்தக் கண் ஜாடையைப் பற்றிச் சொல்லவேண்டும். நாற்காலியில் ஆள் இருக்கும்போது சலூன்காரர்கள் ஒருவரோடொருவர் வாயால் பேசிக்கொள்ள முடியாது. அதனால் மாமாவும் மச்சினனும் எதிரே இருக்கும் பெரிய கண்ணாடியைப் பார்த்து ஜாடையில் பேசிக்கொள்வார்கள். புருவத்தைத் தூக்கினால், இவர் சில்லறை தரமாட்டார். உதட்டைச் சுழித்தால், தலையில் பொடுகு. கண்ணை விரித்தால், பெஞ்சு நன்றாக ரசிக்கிறது, நிறுத்தாதே. அந்த ஜாடைக்கு வேறு அர்த்தம் அதுவரை இருந்ததில்லை. ஐயோ நிறுத்து என்று சொல்ல அவர்களிடம் ஜாடையே கிடையாது. தேவைப்படவில்லை.

ஜட்ஜ் நிறுத்தவில்லை.

"பல் டாக்டர் தப்பான பல்லைப் பிடுங்கிட்டாராம். பரவாயில்லைன்னு சொல்லிட்டு, சரியான பல்லுக்கு மறுபடி வாயைத் திறந்தாராம்."

இன்ஷூரன்ஸ்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். மச்சினன் கண்ணை இன்னும் விரித்தான். கையில் இருந்த கத்தியால் துண்டுப் பக்கம் லேசாகக் காட்டவும் செய்தான். ஜட்ஜ் அதைப் பார்த்துத் தலையாட்டினார். படுத்திருப்பவரும் சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். துணிக்கு அடியில் அந்த ஆளின் தோள் அசைந்ததும் உண்மைதான்.

அடுத்ததைச் சொல்வதற்கு முன்னால் ஜட்ஜ் குரலைத் தாழ்த்தினார். பெரியதாக ஏதோ வரப்போகிறது என்று நாங்கள் முன்னால் குனிந்தோம்.

"போன வருஷம் அவர் சம்சாரம் செத்துப் போனப்போ நான் போயிருந்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டு, ரொம்ப வருத்தமா இருக்கு சார்னேன். பரவாயில்லைன்னாரு." கொஞ்சம் நிறுத்தினார். "வாழ்க்கையிலேயே அன்னிக்குத்தான் அதை மனசாரச் சொன்ன மாதிரி இருந்துச்சு."

நாங்கள் சிரித்தோம். இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தோம். இது சிரிக்கக் கூடியது அல்ல என்று உள்ளே எதுவோ சொல்லத்தான் செய்தது. அது சொல்லி முடிப்பதற்குள் வாய் சிரித்து முடித்துவிட்டது.

மச்சினன் கத்தியைக் கீழே வைத்தான். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாகக் கடையில் சத்தமாகப் பேசினான்.

"போதும் மாமா."

பிறகு துண்டை எடுத்தான்.

பரவாயில்லை சாரின் முகம் சூட்டில் சிவந்திருந்தது. கண்ணைத் திறக்கவில்லை. நாங்கள் அவரைப் பார்க்காமல் இருப்பதற்காகச் செய்துகொண்ட அவஸ்தைகளைச் சொன்னால் கேவலம். இன்ஷூரன்ஸ்காரர் செருப்பைக் கழற்றி மாட்டினார். ஹெட்மாஸ்டருக்கு வாழ்நாளில் முதல்முறையாகச் சொல்வதற்கு யோசனை எதுவும் கிடைக்கவில்லை. ஜட்ஜின் முகத்தில் ஈயாடவில்லை. "சார், அது... விளையாட்டுக்கு..." என்று ஆரம்பித்தார்.

மச்சினன் நுரை போட்டு ஷேவிங்கை முடித்தான். கத்தி தோலில் இழுபடும் சத்தம் அந்தக் கடையில் கேட்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பரவாயில்லை சார் எழுந்தார், காசை வைத்தார், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது. ஜட்ஜ் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகு அவர் யாரைப் பற்றியும் பேசவில்லை. ஒருவர் எழுந்து போவார், கதவு சாத்திக்கொள்ளும், நாங்கள் ஜட்ஜின் முகத்தைப் பார்ப்போம். அவர் சீப்பைக் கழுவுவார். முதலில் நாங்களும் இதை மெச்சினோம். மனுஷன்னா இப்படித் திருந்தணும் என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். கொஞ்ச நாள் போனதும் எங்களுக்கே அலுத்துவிட்டது. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க ஜட்ஜய்யா, என்னைப் பத்தியே சொல்லுங்க" என்று இன்ஷூரன்ஸ்காரர் கெஞ்சினார். ஜட்ஜ் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இந்த நிலையில்தான் எங்களுக்கு ஒரு விஷயம் தெரியவந்தது: அவர் முடி வெட்டுவது படுமோசம். எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. சிரிப்பில் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். ஒவ்வொருவராக மச்சினன் நாற்காலிக்கு மாறினார்கள். மாமாவின் நாற்காலியில் பத்திரிகைகள் குவிந்தன.

ஒருநாள் காலையில் என் கடைக்கு வந்து நின்றார். கையில் ஒரு பார்சல். வெளியூரில் இருக்கும் மகளுக்குத் துணிமணி அனுப்பவேண்டுமாம்.

"கூட வர்றீங்களா?"

"பார்சல் போடறதுக்குத் துணை எதுக்கு?"

"வாங்களேன்."

ஊரார் கழுத்தில் தினமும் கத்தி வைக்கிறவர், தபால் ஆபீஸுக்குத் தனியாகப் போகப் பயப்படுகிறார். சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டு கடையைப் பூட்டினேன்.

வரிசை நீளம். எங்களுக்கு முன்னால் ஒரு அம்மாள் நின்றிருந்தார். முறை வந்தபோது எடை கூடுதல் என்று சொல்லப்பட, கோபத்தில் பெட்டியைக் கவுன்ட்டர் மேல் டமார் என்று போட்டார். மை டப்பா சரிந்து பரவாயில்லை சாரின் சட்டைக் கையெல்லாம் மை.

"ஐயோ, தெரியாம பண்ணிட்டேன் சார்" என்றார் அந்த அம்மாள்.

பரவாயில்லை சார் நிமிர்ந்தார். அந்தச் சொல்லுக்காக உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. அப்படியே கொஞ்ச நேரம் ஒட்டியிருந்தன. பிறகு ஒன்றும் சொல்லாமல் குனிந்து மையைத் துடைக்க ஆரம்பித்தார். என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்த அந்த அம்மாளுக்குத்தான் ஒருமாதிரி ஆகிவிட்டது.

ஜட்ஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சொல் வராததை அவரும் கவனித்துவிட்டார் என்று தெரிந்தது.

எங்கள் முறை வந்தது. பார்சலைத் தராசில் வைத்தார். பரவாயில்லை சார் முள்ளைப் பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை.

"மன்னிச்சிருங்க சார்" என்றார் ஜட்ஜ். "வாய் தவறி வந்துருச்சுன்னு சொல்லமாட்டேன். நான் பேசினது தப்பு."

பரவாயில்லை சார் ஸ்டாம்பை எடுத்து நாக்கில் நனைத்துப் பார்சலில் ஒட்டினார். மூலைகளைக் கட்டைவிரலால் நிதானமாக அழுத்தினார். பிறகு, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார்.

"கேளுங்க சார்."

"அன்னிக்கு, அவ போன அன்னிக்கு. நான் சொன்னப்போ, நிஜமாவே அப்படித்தான் கேட்டுச்சா?"

"இல்ல சார். சத்தியமா இல்ல. இவங்க சிரிக்கறதுக்காகச் சொன்னேன்."

"சிரிச்சாங்களே. கொஞ்சமாவது அப்படித் தோணலேன்னா சிரிப்பு வருமா?" என்னை அப்போதுதான் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற பார்வைதான் அது. "வந்தவங்க எல்லார்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். அவளோட அம்மாகிட்டகூட. எனக்கு வேற சொல்லத் தெரியாதுங்க. அவங்கெல்லாம் என்ன நினைச்சிருப்பாங்கன்னு இப்ப யோசனையா இருக்கு."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஜட்ஜ் கவுன்ட்டரின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு உங்க கையைப் பிடிச்சேனே சார், ஜில்லுன்னு இருந்துச்சு. நடுங்கிட்டு இருந்துச்சு. விடாம பிடிச்சுக்கிட்டீங்க. எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன்."

இதைவிடப் பொய் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பரவாயில்லை சார் ரசீதைக் கிழித்துக் கம்பிக்குக் கீழே தள்ளினார்.

"அடுத்தவங்க வாங்க" என்றார்.

திரும்பி வரும்போது ஜட்ஜ் எங்கேயோ பார்த்துக்கொண்டு நடந்தார். சலூன் வாசலில் நின்று, "ஊர்ல அத்தனை பேருக்கும் சும்மாவே சொல்வாரே அந்த வார்த்தையை" என்றார். ஜட்ஜுக்கு அது ஒரு தடவை தேவைப்பட்டது, அப்போது அது பரவாயில்லை சாரிடம் இல்லை. பிடுங்கிப்போட்டது ஜட்ஜேதான்.

பரவாயில்லை சார் மறுபடி வருவார் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். முடி காதை மூடி வளர்ந்திருந்தது. பெஞ்சில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். மச்சினன் தன் நாற்காலியைத் தட்டி வைத்தான். அவர் அதைத் தாண்டிப் போய் ஜட்ஜின் நாற்காலியிலிருந்த பத்திரிகைகளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தார்.

ஜட்ஜ் துணியைப் போர்த்தினார். முடிச்சுப் போட இரண்டு தடவை முயன்றார். கத்தரிக்கோல் ஆரம்பித்தது. வழக்கத்தைவிட மெதுவாக, பார்த்துப் பார்த்து வெட்டினார். இத்தனை பயத்தோடு வேலை செய்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. காது மடலில் கத்தரி பட்டுவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் வந்து வெள்ளைத் துணியில் விழுந்தது.

"மன்னிச்சிருங்க சார்" என்றார் ஜட்ஜ்.

நாங்கள் மூன்று பேரும் கண்ணாடியைப் பார்த்தோம். மச்சினனும் பார்த்தான். பரவாயில்லை சாரின் உதடுகள் ஒட்டிக்கொண்டன. சொல்லிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். ஜட்ஜுக்காக மட்டுமல்ல. எங்களுக்கும்தான் அது வேண்டியிருந்தது. அவர் சொல்லிவிட்டால் எல்லோரும் பழையபடி ஆகிவிடலாம்.

உதடு பிரிந்தது.

"வலிக்குதுங்க" என்றார்.

ஜட்ஜ் பஞ்சை எடுத்துக் காதில் வைத்து அழுத்தினார். ரத்தம் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை. கண்ணாடியில் ஜட்ஜின் கண் கலங்கி வழிந்துகொண்டிருந்தது, ஒரு கையில் பஞ்சு, ஒரு கையில் கத்தரி, துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

"இன்னும் வலிக்குதா சார்?"

"வலிக்குது."

"சரி சார்" என்றார் ஜட்ஜ். பஞ்சை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பெஞ்சிலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை.